அணி ஊரைவிட்டுப் போய்விட்டது, கடை வாடகையை என்ன செய்வது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் கொலிசியம் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் 2022-இல் ஐந்து வருட லீஸில் சிற்றுண்டிக் கடை எடுத்தேன். "வருடத்துக்கு 81 ஆட்டம் இங்கேதான், கூட்டத்துக்குக் குறைவே இருக்காது" என்று கட்டட உரிமையாளர் வாய்வார்த்தையாகச் சொன்னார். 2024 செப்டம்பரோடு, அங்கே ஆடிவந்த ஏ'ஸ் அணி கிளம்பிவிட்டது. வியாபாரம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அணி மீதோ, பேஸ்பால் அணிகளை நடத்தும் லீக் மீதோ வழக்குப் போடலாமா? லீஸையாவது முறிக்க முடியுமா?

பதில்: முதல் கேள்வியை விட்டுவிடுங்கள். உங்களுக்கும் அணிக்கும் இடையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒரு மாநகரமே மோதித் தோற்ற இடம் இது. இதே அணியைத் தன் ஊருக்கு அழைத்துவர நினைத்த சான் ஹோசே, அது பக்கத்து சான் பிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் அணிக்கு ஒதுக்கிய எல்லை என்று லீக் குறுக்கே நின்றதால், 2013-இல் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. பேஸ்பாலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 1922-இல் வந்த தீர்ப்பின் நிழல் இன்னும் விலகவில்லை. கோடிக்கணக்கில் டிவி உரிமை விற்கிறவர்களுக்கு இப்படி ஒரு சலுகையா என்று கேட்டால் என்னிடம் நியாயமான பதில் இல்லை. ஆனால் சட்டம் அதுதான்.

அணியைப் பிடித்து வைக்க ஒரே கயிறு மைதானக் குத்தகை. 2002 சீசனை மெட்ரோடோம் என்ற தன் மைதானத்திலேயே ஆடவேண்டும் என்று மின்னசோட்டா நீதிமன்றம் ட்வின்ஸ் அணிக்கு உத்தரவிட முடிந்தது, குத்தகையில் அந்த வருடம் இருந்ததால்தான். ஓக்லண்டில் குத்தகை 2024-உடன் முடிந்துவிட்டது. நிரந்தரமாகப் போகவிருக்கும் லாஸ் வேகஸ் மைதானம் தயாராகாத நிலையிலும், தற்காலிகமாக மேற்கு சாக்ரமென்டோவுக்குப் போக அணிக்குத் தடை இருக்கவில்லை.

சரி, உங்கள் லீஸுக்கு வருவோம். ஒப்பந்தத்தின் நோக்கமே அழிந்துபோனால் அதிலிருந்து விடுபடலாம் என்று ஒரு கோட்பாடு உண்டு. 1902-இல் லண்டனில் ஒருவர், அரசரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்க்க ஜன்னலோர அறைகளை வாடகைக்கு எடுத்தார். அரசருக்கு உடம்பு சரியில்லை, ஊர்வலம் நின்றது. பாக்கி வாடகை தரவேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் என்னிடம் நம்பிக்கையோடு வருகிறார்கள்.

கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவ்வளவு இளகிய மனதோடு இல்லை. 1944-இல் லாய்ட் - மர்ஃபி வழக்கு. புதுக் கார் விற்க 1941 ஆகஸ்டில் இடம் எடுத்தவர், போரால் விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்ததும் லீஸை விட்டு விலகப் பார்த்தார். லாபம் குறைந்தது போதாது, இடத்தின் பயனே ஏறக்குறைய முழுதாக அழிந்திருக்கவேண்டும். போர்க் கட்டுப்பாடு வருமென்று அப்போதே ஊகித்திருக்கலாம் என்றது நீதிமன்றம். உங்களுக்கு இடிக்கப்போவது இந்த இரண்டாவது பாதிதான். வேறு ஊர்களைப் பார்க்க லீக் ஏ'ஸ் அணிக்கு 2021 மே மாதமே வெளிப்படையாகப் பச்சைக்கொடி காட்டிவிட்டது. நீங்கள் கையெழுத்திட்டது 2022-இல். வாய்வார்த்தையை மோசடி என்று நிரூபிப்பதும் கடினம். உரிமையாளர் பொய்யென்று தெரிந்தே சொன்னார் என்று காட்டவேண்டும். நீங்கள் அதை நம்பியது நியாயமா என்றும் கேட்பார்கள்.

உங்கள் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கடையைக் காலி செய்தாலும் உரிமையாளர் மீதி வாடகை முழுவதையும் அப்படியே வாங்கிவிட முடியாது. வேறு ஆளுக்கு விட்டு அவர் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தை, நீங்கள் நிரூபித்தால், கழிக்கவேண்டும் (கலிஃபோர்னியா சிவில் சட்டம், பிரிவு 1951.2). ஆனால் லீஸில் அதே சட்டத்தின் 1951.4 என்ற பிரிவு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அது இருந்து, உள்வாடகைக்கு விடவும் உங்களுக்கு அனுமதி இருந்தால், அவர் லீஸை முடிக்காமல் மாதாமாதம் வாடகை கேட்கலாம். அப்போது உள்வாடகைக்கு ஆள் தேடுவது உங்கள் வேலை.

அப்புறம், தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டீர்களா? கம்பெனி பெயரில் லீஸ் இருந்தாலும் அந்த ஒரு பக்கம் உங்கள் வீடுவரை வரும். அதைப் பார்க்காமல் சாவியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கடந்த மூன்று வருட விற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டு, வாடகைக் குறைப்பை எழுத்தில் கேளுங்கள். ஆட்டமில்லாத தெருவில் புது ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது உரிமையாளருக்கும் தெரியும்.