ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுகிறேன். பல்கலைக்கழக எழுத்து மையத்துக்குப் போனால் பயன் உண்டா?

உண்டு. நம் எழுத்தைக் கொண்டுபோய் ஓர் ஆலோசகருடன் உட்கார்ந்து பேசும் இடம் அது. ஆனால் பிழை திருத்தித் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், முதல் இயலின் 40 பக்கங்களையும் அச்செடுத்துக்கொண்டு சென்றேன்.

ஆலோசகர் பேனாவைத் தொடவே இல்லை. இரண்டு பக்கம் படித்துவிட்டு, "தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள், நீங்கள் புதிதாகச் சொல்ல வருவது என்ன?" என்றார். சொன்னேன். "இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" புரட்டித் தேடினேன். 31-ஆம் பக்கத்தில் இருந்தது.

காரணங்களை அடுக்கிக் கடைசியில் வினைமுற்றை வைப்பது நம் வாக்கியத்தின் இயல்பு. என் இயலையே அப்படி எழுதியிருந்தேன். அச்சமும் ஒரு காரணம். ஆங்கிலத்தில் தவறிவிடுவோமோ என்று பிறர் சொன்னதையே எடுத்தெடுத்து அடுக்கியிருந்தேன். மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் விளக்கிய அமைப்பை ஆலோசகர் வரைந்து காட்டினார்: ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை முதலில் களத்தைக் காட்டும், பிறகு அதிலுள்ள இடைவெளியை, அதன் பின் அந்த இடைவெளியை நாம் நிரப்பும் விதத்தை. என்னிடம் இருந்தது களம் மட்டுமே.

இலக்கணத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. 'ஏ' (a), 'தி' (the) போன்ற ஆங்கிலச் சுட்டிடைச் சொற்கள் தமிழில் இல்லாததால் அவற்றில் ஓயாமல் தவறுவேன். ஒரு பக்கத்தில் மட்டும் குறித்துக் காட்டி, அடுத்த பக்கத்தில் நீங்களே கண்டுபிடியுங்கள் என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று நானே கண்டுபிடிக்கிறேன். ஆய்வேடு மாணவரின் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும் என்பதால்தான் பல மையங்கள் திருத்தித் தர மறுக்கின்றன. அது சரியான மறுப்பு. கட்டணத் திருத்துநரை நாடுவதானால் உங்கள் துறையின் விதியை முதலில் பாருங்கள்.

ஒரு சந்திப்புக்கு ஐந்தாறு பக்கம் போதும். நெறியாளர் எழுதிய குறிப்புகளையும் கொண்டு போங்கள். "தெளிவாக இல்லை" என்று அவர் ஒரு வரியில் எழுதியதை இருவராக உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம். முடிந்தால் ஒரே ஆலோசகரிடம் தொடருங்கள். அவருக்கு உங்கள் துறை தெரியாமல் இருப்பது நல்லதே, விளக்கியாக வேண்டிய கட்டாயம் வரும். முடிவுகள் சரியா என்பதை மட்டும் நெறியாளரிடம் கேளுங்கள்.

அரைகுறையாக இருக்கும்போதே போய்விடுங்கள். முடித்த இயலை உடைக்க மனம் வராமல் நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அந்த 40 பக்கங்களில் 18 மட்டுமே நின்றன.