லோடு வண்டிய அழகு பண்ணலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பொலேரோ பிக்கப் எடுத்து ஓட்டுறேன். பேஸ் மாடல், வெள்ளை கலரு, கறுப்பு பம்பரு, சாதா இரும்பு வீல் டிஸ்க்கு. நெல்லு, உர மூட்டை, வைக்கோல் கட்டுன்னு எது கிடைச்சாலும் ஏத்துவேன். ஸ்டாண்ட்ல நிக்கிற மத்த வண்டியெல்லாம் முன்னாடி இரும்புக் கம்பியில கிராஷ் கார்டு, கலர் லைட்டுன்னு ஜொலிக்குது, என் வண்டி மட்டும் மொட்டையா நிக்குது. கையில இருபதாயிரம் இருக்கு, எதுல போடலாம்?
வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தம்பி, கிராஷ் கார்டுக்கு மட்டும் ஒரு பைசா செலவு பண்ணாதீங்க. 2017 டிசம்பர்லயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அத மாட்டக்கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதிட்டாங்க, மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுல வருது. ஃபைன் ஒரு பக்கம் இருக்கட்டும், மோதினா பம்பர் நசுங்கி வாங்க வேண்டிய அடி அந்த இரும்பு வழியா நேரா வண்டியோட அடிச்சட்டமான சேஸிஸுக்கு போயிடும், குறுக்க வர்ற சைக்கிள்காரர் கதியும் யோசிச்சுக்குங்க.

இப்ப வண்டிய விட்டு பத்தடி தள்ளி நின்னு பாருங்க. வெளுத்துப் போன பம்பரு, மஞ்ச புடிச்ச ஹெட்லைட்டு, துரு வடியிற டிஸ்க்கு, இந்த மூணுதான் வண்டிய கிழடா காட்டும், மூணுக்கும் புது சாமான் எதுவும் வாங்க வேணாம். ஹெட்லைட் பிளாஸ்டிக் கண்ணாடியா இருந்தா 1000, 1500, 2000 நம்பர் எமரி ஷீட்ட வரிசையா தண்ணி தொட்டு தேச்சு, பாலிஷ் போட்டு, மேல வெயிலோட யூவி கதிர தாங்குற கிளியர் கோட் அடிக்கணும். நிறைய பேர் பாலிஷோட நிறுத்திடறாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே திரும்ப மஞ்சளாயிடும். பம்பருக்கு பிளாஸ்டிக் பிரைமர் அடிச்சு மேல மங்கலான கறுப்பு அடிங்க. இன்ஜின் ஆயில தேச்சு பளபளன்னு காட்டுவாங்க, நம்பாதீங்க, ரெண்டு நாள்ல வைக்கோல் தூசி பூரா அதுல அப்பிக்கும்.

டிஸ்க்குதான் உங்க காசுக்கு சரியான இடம். டயர கழட்டி, துருவ இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டி, எபாக்ஸி பிரைமர், அதுக்கு மேல ஹார்டனர் கலந்து அடிக்கிற 2கே பெயிண்ட்ல சில்வரோ கன் மெட்டலோ அடிச்சா ஆளே மாறிடும். ஒண்ணு மட்டும் பெயிண்டர்கிட்ட அழுத்தி சொல்லுங்க, நட்டு உக்கார்ற குழியிலயும் சக்கரம் மாட்டுற ஹப்போட ஒட்டுற பின்பக்கத்துலயும் தடியா பெயிண்ட் ஏறக்கூடாது. ஏறினா லோடுல அந்த பெயிண்ட் நசுங்கி நட்டு லூஸாகும். எப்படியும் மாட்டி கொஞ்ச தூரம் ஓடினதும் ஒரு தடவை நட்ட டைட் பண்ணிடுங்க.

மிச்ச காச லோடு பாடிக்கு வைங்க. உர மூட்டை ஏத்துறேன்னு சொன்னீங்கள்ல, பொட்டாஷ்ங்கறது ஒரு வகை உப்புதான், சிந்தினது மழை ஈரத்தோட சேர்ந்து தகட்ட தின்னுடும். மேல அலுமினிய செக்கர் பிளேட், அதான் மேடு மேடா டிசைன் போட்ட தகடு, அடிச்சா ஜோரா இருக்கும்தான், ஆனா அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவுல உப்புத்தண்ணி தங்கினா அரிப்பு இன்னும் வேகமா நடக்கும், மேல பளபளப்பு, அடியில ஓட்டை. அதுக்கு கழட்டி கழுவுற மாதிரி ரப்பர் மேட்டே தேவல, தண்ணி வடியிற ஓட்டைய மட்டும் அடைக்காம பாத்துக்குங்க.

கலர் லைட்டுக்கு பதிலா ரேடியம் ஸ்டிக்கர் நல்ல தரமா வாங்கி நேர்கோட்டுல ஒட்டுங்க, முன்னாடி வெள்ளை, சைடுல மஞ்சள், பின்னாடி சிவப்பு, இந்த வரிசைய மாத்தாதீங்க. அறுவடை சீசன்ல கொள்முதல் நிலையம் வாசல்ல ராத்திரி பூரா வரிசையில நிக்கிற வண்டிக்கு, அதுவும் வாய்க்கால் ஓரத்து ஒத்தை ரோட்டுல, அழகும் அதுதான் உயிரும் அதுதான். முழு வண்டிக்கும் கலர் மாத்துற ஆசை வந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சியில ஏத்தணும், இல்லனா எஃப்சிக்கு, அதான் வண்டி தகுதிச் சான்றுக்கு, போறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிடுவார்.

கேள்வி: நான் மீன் லோடு ஓட்டுறவன். என் பிக்கப்புக்கு அலாய் வீல் போடலாமா சார்? கார் ஸ்பேர்ஸ் கடையில அழகா ஒரு செட் இருக்கு.
வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கார் கடை அலாய வேணாம் சார். பின் ஆக்சில்ல ரெண்டு டன் இறங்குதுன்னு வைங்க, ஒரு சக்கரத்துக்கு ஆயிரம் கிலோ. சாதா கார் அலாய் நிறைய அந்த எடைக்கு செஞ்சதே இல்ல. எத்தனை கிலோ தாங்கும்னு அலாய்லயே பொறிச்சிருக்கும், படிச்சுப் பாருங்க, பொறிக்கலன்னா விலை கேக்காமயே வெளிய வந்துடுங்க. இன்னொண்ணு, ஐஸ் உருகி வடியிற உப்புத்தண்ணி, கடக்காத்து, இதுல அலாய் மேல இருக்கிற கோட்டிங் கீறல் விழுந்த இடத்துல கொப்பளிச்சு உரியும். டிஸ்க்குக்கு பெயிண்ட் அடிச்சு, சைஸுக்கு ஏத்த ஸ்டீல் வீல் கப்பு மாட்டுங்க, வாராவாரம் அடிப்பக்கத்த நல்ல தண்ணியில கழுவுங்க. சக்கரம் வெளிய தள்ளி நிக்கணும்னு ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல ஸ்பேசர் போடுற பழக்கம் ஒண்ணு பரவுது, வீல் பேரிங்குக்கு அது எமன்.

கேள்வி: அண்ணா, வாழை இலை யாவாரத்துக்கு சின்ன யானை (டாடா ஏஸ்) வண்டி வச்சிருக்கோம். எங்க வீட்டுக்காரர் கறுப்பு ஃபிலிமும் ஏர் ஹார்னும் போடணும்ங்கறார். எனக்கு பின் டோர்ல எங்க குலசாமி பேர எழுதினா போதும். யார் சொல்றது சரி?
வாசகி, திருவையாறு

பதில்: நீங்க சொல்றதுதாம்மா. முன் பின் கண்ணாடியில 70 சதவீதம், சைடு கண்ணாடியில 50 சதவீதம் வெளிச்சம் உள்ள வரணும், 2012ல சுப்ரீம் கோர்ட்டே அத அழுத்தி சொல்லியிருக்கு, கறுப்பு ஃபிலிம் ஒட்டினா எந்த செக் போஸ்ட்லயும் கிழிக்க சொல்லுவாங்க. பல குரல்ல அலறுற ஹார்னுக்கும் சட்டத்துல இடமில்ல. சாமி பேருக்கு ஸ்டிக்கர் வேணாம், இலைக்கட்டு உரசி உரசி ஓரம் பிஞ்சிடும். கையால போர்டு எழுதுற ஆளு உங்க பக்கம் இன்னும் இருக்காங்க, எனாமல்ல எழுதச் சொல்லுங்க. எழுத்து நம்பர் பிளேட் மேலயும் டெயில் லைட் மேலயும் ஏறாம பாத்துக்குங்க, ஆயுத பூஜைக்கு கட்டுற மாலையையும் மறுநாளே அவுத்துடுங்க.