மூணு போட்டவர்

கடிதம்:
சார், ஒரே சாஃப்ட்வேரை ரெண்டு நாட்டு ஆஃபீஸ்ல எப்படி யூஸ் பண்றாங்கன்னு பிஎச்டி பண்றேன். நாட்டுக்கு 200 பேர், 1லருந்து 5 வரைக்கும் ஸ்கேல். திருப்தி ஒரு பக்கம் சராசரி 4.1, இன்னொரு பக்கம் 3.2. ஹாஃப்ஸ்டீட்ங்கற ஆய்வாளர் ஒவ்வொரு நாட்டுக் கலாச்சாரத்துக்கும் போட்ட ஸ்கோரை வச்சு இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் எழுதிட்டேன். கைடு சாம்பிள் பத்தாதுங்கறார். 200 பத்துமா?

பதில்:
தம்பி, 200ஐ அப்புறம் பாப்போம். உன் 3.2வப் பாத்ததும் எனக்கு ஒருத்தர் ஞாபகம் வந்துட்டார்.

ரொம்ப வருஷம் முன்னாடி நானும் இப்படி ஒரு சர்வே எடுத்தேன், ஒரு பெரியவர் எல்லா கேள்விக்கும் வரிசையா 3 போட்டு நீட்டினார். கருத்தே இல்லையா சார்னு கேட்டேன். "இது யார் கைக்குப் போகும்னு யாருக்குத் தெரியும், மூணுன்னா யாரும் வந்து கேக்கமாட்டாங்க"ன்னாரு. அப்புறம் ஸ்க்ரீனைத் திருப்பி அரைமணி நேரம் காட்டுனாரு பாரு, சேவ் பட்டனை ரெண்டு தரம் அமுக்கலேன்னா போட்டதெல்லாம் போயிடும், அதுக்காக தனியா ஒரு நோட்டு வேற வச்சிருந்தாரு. நான் என்ன பண்ணேன்? ‘நடுநிலை’ன்னு ஏத்திட்டேன். கட்டுரையும் வந்துச்சு, வெக்கம்.

உன் 3.2ல இப்படி எத்தனை பேரோ. தட்டு காலியா இருக்கும்போதே ரெண்டு தராசுலயும் முள்ளு வேற வேற இடத்துல நின்னா எடை போட்டு என்ன பிரயோஜனம்? ஸ்கேலார் இன்வேரியன்ஸ், அதாவது ஒரே அளவு திருப்திக்கு ரெண்டு நாட்டுலயும் ஒரே நம்பர்தான் விழுதாங்கறது, பாத்தியா? கடிதத்துல அந்தப் பேச்சே இல்ல. ஒரே அளவு திருப்தி இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் 4 போடுவார், இன்னொருத்தர் 3 போடுவார், நீ அதை கலாச்சாரம்னு எழுதுவ.

இதுல அந்த ஹாஃப்ஸ்டீட் ஸ்கோர் வேற. 1967லருந்து 73 வரைக்கும் ஐபிஎம்ங்கற ஒரே கம்பெனி ஆளுங்ககிட்ட எடுத்தது. அது நாட்டுக்கான ஸ்கோர், தனி ஆளுக்கு ஒட்டாதேன்னு அவரே சொல்லிட்டார். நீ 200 பேர் நெத்தியிலயும் ஒரே நம்பரை ஒட்டிட்டு அதுதான் காரணம்னா எப்படிப்பா? இருக்கறதே ரெண்டு நாடு, சம்பளம், ட்ரெய்னிங், நெட் ஸ்பீடு, எது வேணா காரணமா இருக்கலாம்.

கேள்வியை மொழிபெயர்த்து, அதைத் திரும்ப மூல மொழிக்கே மாத்திச் சரிபாக்கற பேக் ட்ரான்ஸ்லேஷன் பண்ணிருப்ப, சரி. ஆனா அதோட இதெல்லாம் தீராது.

கோவிச்சுக்காத, உழைச்சிருக்கன்னு தெரியுது. ரெண்டு பக்கமும் பத்துப் பத்துப் பேர் பக்கத்துல உக்காரு, டிக் போடும்போதே ஏன்னு கேளு. குறிப்பா அந்த மூணு போடறவங்களை. கைடுகிட்ட சாம்பிள் சண்டையை அப்புறமா போட்டுக்கலாம்.