மூடி வைத்த மடிக்கணினி பைக்குள் ஏன் சுடுகிறது?

கேள்வி: என் மடிக்கணினியில் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். சென்ற மாதம் அதன் மையப் பகுதியான கெர்னல் புதிய பதிப்புக்கு மாறியது. அதன்பின் மூடியை மூடிப் பையில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் இயந்திரம் கொதிக்கிறது; 90 விழுக்காடு இருந்த பேட்டரி 30க்கு இறங்கிவிடுகிறது. சில நாட்களில் திறந்த பிறகு வைஃபையும் காணாமல் போகிறது. பழுதுபார்ப்பவர் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். நண்பர் ஒருவர், கணினி தொடங்கும்போது படிக்கப்படும் பூட் அமைப்பில் சேர்க்கும்படி ஒரு வரி அனுப்பியிருக்கிறார். டிரைவர் அப்டேட்டர் மென்பொருள் ஒன்றை வாங்கும்படியும் விளம்பரம் வருகிறது. இவற்றில் எதைச் செய்வது?

பதில்: மூன்றையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் இயந்திரத்தில் எந்த உறுப்பு தூங்க மறுக்கிறது என்பது தெரியாமல் செய்யப்படும் எந்தச் சிகிச்சையும் குருட்டு வைத்தியமாகவே முடியும்; அதைத் தெரிந்துகொள்வதற்கான வழியைக் கெர்னலே உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

மூடியை மூடியதும் கெர்னல் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உறைய வைக்கிறது. அதன்பின் வைஃபை, வட்டு, டச்பேட், கேமரா, கார்டு ரீடர் என்று ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் நிரலான டிரைவரை அழைத்து, ‘உன் சாதனத்தின் நிலையைச் சேமித்துவிட்டு அதை நிறுத்து’ என்கிறது. பல சாதனங்களில் ஒன்றே ஒன்று ‘வேலையாக இருக்கிறேன், முடியாது’ என்று பிழை எண்ணைத் திருப்பிக் கொடுத்தாலும், அதுவரை உறங்கிய அத்தனை சாதனங்களையும் கெர்னல் மீண்டும் எழுப்பிவிட்டு முயற்சியையே கைவிடுகிறது. மூடி மூடியிருக்கும், திரை இருண்டிருக்கும், இயந்திரம் மட்டும் பைக்குள் விழித்தபடி கிடக்கும். நீங்கள் தொட்டுப் பார்த்த சூடு பெரும்பாலும் இதுதான்.

பேட்டரியை மாற்றச் சொன்னவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: கெட்டுப்போன பேட்டரியாக இருந்தால், கெர்னல் மாறிய வாரத்திலா பார்த்துக் கெட்டுப்போகும்? பேட்டரியின் உண்மையான நிலையை அறிய யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கெர்னல் தன் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் (/sys) கோப்பகத்தில் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை என்று போனால், பேட்டரியின் பெயரிட்ட கோப்புறையில், புதிதாக இருந்தபோது அதற்கு இருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏற்றினால் கிடைக்கும் கொள்ளளவும் இரண்டு தனிக் கோப்புகளில் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரியின் மீது பழி போடாதீர்கள். என்னிடம் ஒருமுறை வந்த மடிக்கணினிக்கு இரண்டு முறை பேட்டரி மாற்றியிருந்தார்கள். குற்றவாளி, உரிமையாளர் ஒரு நாள்கூடப் பயன்படுத்தியிராத கார்டு ரீடரின் டிரைவர்.

டிரைவர் அப்டேட்டர் என்பது இதைவிடப் பெரிய ஏமாற்று. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் பகுதியாகவே வருகின்றன. கெர்னல் புதுப்பிக்கப்பட்டால் அவையும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன என்று பொருள். வெளியிலிருந்து விற்கப்படும் மென்பொருளுக்கு அங்கே செய்வதற்கு நேர்மையான வேலை எதுவுமில்லை. ஒரு வரிக் கட்டளையை நகலெடுத்து நிர்வாகி அனுமதியுடன் ஓட்டச் சொல்லும் காணொளிகளும் இதே வகைதான். அந்த வரி எதை இறக்கி எதை மாற்றுகிறது என்று படித்துப் பார்க்காமல் ஓட்டுவது, வீட்டுச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பேட்டரி குறைந்த மடிக்கணினியை ரீபூட் செய்வதற்கு முன்பே டெர்மினலைத் திறந்து, சிஸ் கோப்பகத்தின் பவர் பிரிவில் ‘சஸ்பெண்ட் ஸ்டாட்ஸ்’ என்ற கோப்புறையைப் பாருங்கள். ரீபூட் செய்தால் அதிலுள்ள கணக்கு பூச்சியத்துக்குப் போய்விடும். எத்தனை முறை உறக்கம் வெற்றி பெற்றது, எத்தனை முறை தோற்றது, கடைசியாகத் தடுத்த சாதனம் எது, அது கொடுத்த பிழை எண் என்ன என்பவை ஒவ்வொன்றும் ஒரு கோப்பாக அங்கே இருக்கும். பிழை எண் -16 என்றிருந்தால் சாதனம் வேலையில் இருந்தது. -110 என்றிருந்தால் கேட்ட நேரத்துக்குள் அது பதில் சொல்லவில்லை. சாதனத்தின் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தோல்விக் கணக்கு பூச்சியமாக இருந்தும் சூடு தொடர்ந்தால் கதை வேறு. இப்போதைய பல மடிக்கணினிகள் பழைய முறையில் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் துண்டித்து உறங்குவதில்லை. எல்லாம் மெல்ல மூச்சு விட்டபடி படுத்திருக்கும் ‘எஸ்2ஐடில்’ என்ற முறையில் உறங்குகின்றன. இம்முறையில் கெர்னல் தன் பக்கத்தில் உறங்கிவிட்டதாகக் கணக்கெழுதியிருக்கும். ஆனால் ஒரு சாதனம் மின்சாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் சிப் தன் ஆழ்ந்த நிலைக்குப் போயிருக்காது. இந்தத் தகவலைத் தரும் கணினிகளில், கெர்னலின் 6.4 பதிப்பு முதல் அதே ‘சஸ்பெண்ட் ஸ்டாட்ஸ்’ கோப்புறையில் கடைசி உறக்கத்தில் வன்பொருள் உண்மையிலேயே தூங்கிய நேரம் மைக்ரோ வினாடியில் காட்டப்படுகிறது. மூடியை மூடி மேசை மீது சரியாக 10 நிமிடம் வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். 60 கோடிக்கு அருகில் ஓர் எண் இருந்தால் நல்ல உறக்கம். பூச்சியம் இருந்தால் அது கண்ணை மூடிப் படுத்திருந்ததே தவிர ஒரு நொடியும் தூங்கவில்லை.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பலர் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் இது. பவர் பிரிவிலேயே ‘மெம் ஸ்லீப்’ என்ற கோப்பு இருக்கிறது. அதில் எஸ்2ஐடில், டீப் என்ற இரு சொற்களும் இருந்து, எஸ்2ஐடில் மட்டும் சதுர அடைப்புக்குள் இருந்தால், உங்கள் கணினி பழைய ஆழ்ந்த உறக்கத்தையும் வழங்குவதாகச் சொல்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தவில்லை என்று பொருள். அப்படியானால், திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் சேமித்துவிட்டு, அந்தக் கோப்பில் டீப் என்று எழுதி ஒருமுறை சோதிக்கலாம்; ரீபூட் செய்தால் அந்த மாற்றம் தானே நீங்கிவிடும். எழுந்து வந்தால் நல்லது. எழவில்லையென்றால், அதாவது திரை கறுப்பாகவே நின்றால், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு அந்த யோசனையை அத்துடன் மறந்துவிடுங்கள். வன்பொருளுக்குள்ளேயே பதிந்து வரும் நிரலான ஃபர்ம்வேரை எழுதியவர்கள் அந்த வழியைச் சோதித்துப் பார்க்காமலே விட்டிருக்கலாம். கோப்பில் டீப் என்ற சொல்லே இல்லையென்றால் பூட் வரியில் எதைச் சேர்த்தாலும் அது வராது, ஏனெனில் இல்லாத ஒன்றைக் கெர்னலால் உண்டாக்க முடியாது. சில மாடல்களில் மட்டும், கணினி தொடங்கும்போது நுழையக்கூடிய பயாஸ் அமைப்பில் உறக்க நிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். அங்கே மாற்றினால் இந்தச் சொல் தோன்றும். இவ்வளவு நிபந்தனைகள் உள்ள ஒன்றைத்தான் ‘எல்லா மடிக்கணினிக்கும் ஏற்ற தீர்வு’ என்று எழுதிப் பரப்புகிறார்கள்.

நண்பர் அனுப்பிய வரி என்னவென்று நீங்கள் எழுதவில்லை. இத்தகைய சிக்கலுக்கு அடிக்கடி சுற்றுக்கு வருவது, வைஃபை போன்ற சாதனங்களைக் கணினியுடன் இணைக்கும் பிசிஐஇ இணைப்பின் ஏஎஸ்பிஎம் என்னும் மின்சேமிப்பை ‘ஆஃப்’ செய்வதாகச் சொல்லும் வரி. அது மின்சேமிப்பை அணைக்கிறது என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கெர்னலின் ஆவணமோ, அந்த அமைப்பைக் கெர்னல் தொடாது, ஃபர்ம்வேர் செய்துவைத்ததை அப்படியே விட்டுவிடும் என்கிறது. பெயரைப் பார்த்து மருந்து சாப்பிடுவது இப்படித்தான் இருக்கும். ஏற்கெனவே இப்படிச் சேர்த்த வரிகள் இருந்தால், அவற்றை நீக்கிவிட்டே மேற்சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள்.

வைஃபை காணாமல் போவது எழும்போது நிகழும் கோளாறு. உறங்கும் முன் டிரைவர் தன் நிலுவை வேலைகளையெல்லாம் ரத்து செய்திருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிட்டால், சிப்புக்கு மின்சாரம் முழுதாக வருவதற்குள் அந்த வேலை ஓடி, சிப்பின் நிலையைப் படிக்கிறது. மின்சாரம் இல்லாத பிசிஐ சாதனத்தைப் படித்தால் எல்லாப் பிட்டுகளும் 1 என்றே வரும். அதை உண்மையான பதில் என்று நம்பும் டிரைவர் குழம்பி விழுகிறது. திருத்தம் பெரும்பாலும் நான்கைந்து வரிகள்தான்; கண்டுபிடிப்பதற்குத்தான் வாரங்கள் ஆகின்றன. வைஃபை டிரைவரின் மாட்யூலை, அதாவது கெர்னலில் தனியாக ஏற்றி இறக்கக்கூடிய அந்த நிரல் பகுதியை, நீக்கி மீண்டும் ஏற்றியதும் இணைப்பு திரும்பினால் சிப் பெரும்பாலும் நலமாக இருக்கிறது, டிரைவரில்தான் பிழை. புதிய வைஃபை அட்டை வாங்க வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான சான்று, பழைய கெர்னலில் இது நடக்கவில்லை என்பதுதான். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்து இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். அதில் சரியாக உறங்கினால் இது ‘ரிக்ரெஷன்’, அதாவது நன்றாக இருந்ததை யாரோ கெடுத்த பிழை. கெர்னல் குழுவில் இவ்வகைப் பிழைக்குத் தனி முன்னுரிமை உண்டு. ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கும் பைசெக்ட் முறையில் 14 சுற்றுகளில் குற்றம் செய்த மாற்றத்தைப் பிடித்துவிடலாம். அதை நீங்களே செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். எந்தப் பதிப்பு வரை சரி, எந்தப் பதிப்பிலிருந்து தவறு என்று எழுதினாலே பிழை திருத்துபவருக்குப் பெரிய உதவி.

எங்கே எழுதுவது என்பதில்தான் எனக்கே எரிச்சல் வருகிறது. தயாரிப்பாளரைக் கேட்டால் ‘இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை’ என்பார். லினக்ஸைத் தொகுத்து வழங்கும் டிஸ்ட்ரோவைக் கேட்டால் கெர்னல் குழுவிடம் போகச் சொல்வார்கள். கெர்னல் குழு, டிஸ்ட்ரோ மாற்றியமைத்த கெர்னல் எங்கள் பொறுப்பல்ல என்று திருப்பி அனுப்பும். இந்த அலைச்சலைத் தவிர்க்க, மாற்றம் செய்யப்படாத புதிய மூலக் கெர்னலில் ஒருமுறை சோதித்து, பிழை அங்கேயும் இருப்பதை உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். வெளியிலிருந்து நிறுவிய மூடிய கிராஃபிக்ஸ் டிரைவர் இருந்தால் முதலில் நீக்குங்கள். இல்லாவிட்டால் கெர்னல் தன்னை ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்ளும், உங்கள் புகாரைப் பெரும்பாலும் யாரும் படிக்கமாட்டார்கள். கெர்னல் மூலநிரலில் மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் ஒவ்வொரு டிரைவருக்கும் பொறுப்பானவர் யார் என்று இருக்கும். மடிக்கணினியின் மாடல், பயாஸ் பதிப்பு, தடுத்த சாதனத்தின் பெயர், பிழை எண், கெர்னலின் நிகழ்வுப் பதிவான கெர்னல் லாக், சரியாக இருந்த பதிப்பு ஆகியவற்றை அவருக்கு அனுப்புங்கள். ‘பேட்டரி சீக்கிரம் தீர்கிறது’ என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

திருத்தம் உங்கள் டிஸ்ட்ரோவுக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பழைய கெர்னலிலேயே இருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்கு வருகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பையில் வைக்கும்போது கணினியை முழுதாக அணைத்துவிடுங்கள். காற்றுப் புகாத பைக்குள் விழித்திருக்கும் இயந்திரத்தின் சூடு, நல்ல நிலையில் உள்ள பேட்டரியையும் நாளடைவில் உண்மையாகவே கெடுத்துவிடும்.