பிரசுரத்தில் தார்ச் சாலை, நேரில் கிராவல்: புரமோட்டரை எப்படிப் பிடிப்பது?

கேள்வி: 2021-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஊராட்சி எல்லைக்குள் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் ஒரு மனை வாங்கினேன். ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம்) பதிவு எண்ணும் உண்டு. உள்சாலைகள் அனைத்தும் தார் போடப்படும், நெடுஞ்சாலைக்கு 40 அடி இணைப்புச் சாலை வரும் என்று பிரசுரத்தில் அச்சிட்டிருந்தார்கள். இன்றுவரை உள்ளே கிராவல் மட்டுமே கொட்டியிருக்கிறார்கள். இணைப்புச் சாலை வரவே இல்லை. ‘சாலையை ஊராட்சிக்குத் தானம் எழுதிவிட்டேன், இனி அவர்கள் பொறுப்பு’ என்கிறார் புரமோட்டர். ஊராட்சியோ தங்களிடம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை என்கிறது. பாதி மனைகள் இன்னும் விற்காமல் கிடக்கின்றன. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: விற்காத மனைகள் இருப்பது உங்களுக்கு நல்ல செய்தி. கடைசி மனையும் விற்றுப் பணம் கைக்கு வந்துவிட்டால் புரமோட்டருக்கு அந்த இடத்தில் எந்த வேலையும் இல்லை, தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார். அதனால் நான் கீழே சொல்பவற்றை இந்த மாதமே தொடங்குங்கள்.

முதலில், உங்கள் கேள்வியில் இரண்டு வெவ்வேறு சாலைகள் இருக்கின்றன. உள்சாலைகள் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருப்பவை. அவற்றைப் போடுவது புரமோட்டரின் சட்டக் கடமை. 40 அடி இணைப்புச் சாலை அந்த வரைபடத்தில் இருக்கிறதா, பிரசுரத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பிரசுரத்தில் மட்டுமே இருக்கும். அந்தச் சாலை போகவேண்டிய நிலம் வேறு யாருடைய வயலாகவோ இருந்தால், எந்த அமைப்பும் அதன் மேல் சாலை போட உத்தரவிட முடியாது. அங்கே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பணம்தான். பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணமோ வைப்புத்தொகையோ கட்டி இழப்புக்கு ஆளானவருக்கு, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2016) 12-ஆவது பிரிவு இழப்பீடு தருகிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய முழுத் தொகையையும் வட்டியோடு திருப்பிக் கேட்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. ஆகவே பிரசுரம், வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், நாளிதழ் விளம்பரம் எதையும் அழித்துவிடாதீர்கள்.

இனி உள்சாலைகள். தானம் கொடுத்தாயிற்றா இல்லையா என்ற சண்டைக்கு யாருடைய வாய்மொழியும் தேவையில்லை. அது பதிவு செய்யப்பட்ட ஆவணம். பதிவுத்துறை இணையதளத்தில் மனைப்பிரிவின் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று பாருங்கள். சாலைக்கும் பூங்காவுக்குமான தானப் பத்திரம் பெரும்பாலும் வட்டார வளர்ச்சி அலுவலர் பெயரிலோ ஊராட்சி பெயரிலோ இருக்கும். இருந்தால், நிலம் உள்ளாட்சிக்குப் போய்விட்டது. ‘எங்களிடம் வரவில்லை’ என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. இல்லையென்றால் விவகாரம் இன்னும் பெரியது. சாலைகளைத் தானமாக ஒப்படைப்பது இறுதி அங்கீகாரத்துக்கான நிபந்தனை என்பதால், அங்கீகாரம் எப்படிக் கொடுத்தார்கள் என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தைக் கேட்கவேண்டியிருக்கும்.

பத்திரத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள், பட்டாவையும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தானம் எழுதியிருப்பார்கள், ஆனால் சாலை நிலத்தை உட்பிரிவு செய்து உள்ளாட்சி பெயருக்கு மாற்றியிருக்கமாட்டார்கள். பட்டா பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். சில ஆண்டுகள் கழித்து அவருடைய வாரிசு ஒருவர் வந்து சாலை முனையில் கல் நட்டு வேலி போடுவார். வருவாய்த்துறையின் இணையதளத்தில் பட்டாவையும் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) பார்த்து, மாற்றம் ஆகவில்லை என்றால் வட்டாட்சியரிடம் மனை வாங்கியவர்கள் சங்கத்தின் பெயரில் மனு கொடுங்கள்.

சரி, தானம் எழுதிவிட்டால் புரமோட்டரின் பொறுப்பு தீர்ந்ததா? தீரவில்லை. அவர் கொடுத்தது நிலம். சாலை போடுவது தனிக் கடமை. ‘உள் அபிவிருத்திப் பணிகள்’ என்பதற்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டமே தரும் விளக்கத்தில் சாலை, நடைபாதை, குடிநீர், கழிவுநீர், வடிகால், தெருவிளக்கு எல்லாம் வருகின்றன. ஒப்பந்தப்படி தரவேண்டிய சேவைகளில் குறை இருந்து, மனை கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் நீங்கள் அதைச் சுட்டிக்காட்டினால், கூடுதல் கட்டணம் இல்லாமல் 30 நாளுக்குள் சரிசெய்யவேண்டும் என்கிறது 14(3) பிரிவு. 2021-இல் ஒப்படைப்பு நடந்திருந்தால் அந்தக் கெடு 2026-இல் முடிகிறது. பதிவுத் தபாலில் ஓர் எழுத்து அறிவிப்பு இன்றே போகட்டும். எந்தச் சாலை, எத்தனை அடி அகலம், எத்தனை மீட்டர் நீளம், இப்போது என்ன நிலை என்று சாலை வாரியாக எழுதுங்கள். ‘அடிப்படை வசதிகள் செய்து தரவும்’ என்ற பொதுப்படையான கடிதத்துக்குப் பொதுப்படையான பதில்தான் வரும்.

அடுத்து, நீங்கள் நினைத்தே பார்த்திராத ஒரு சான்று. திட்டத்தின் முன்னேற்றத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை ரெரா இணையதளத்தில் புரமோட்டர் பதிவேற்றவேண்டும். வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, வேலை நடந்த அளவுக்குத்தான் எடுக்கவேண்டும்; அதற்குப் பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்கர் மூவரின் சான்றிதழும் வேண்டும். உங்கள் பதிவு எண்ணைப் போட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். சாலைப் பணி முடிந்ததாக அங்கே ஏதேனும் ஆவணம் சொல்கிறது, நேரில் கிராவல் கிடக்கிறது என்றால், அதைவிட வலுவான சான்று வேறில்லை. பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து, அதே வாரத்தில் எடுத்த சாலைப் படங்களை அதனோடு வையுங்கள்.

வரைபடம், அங்கீகாரத்துக்கான நிபந்தனைக் கடிதம், உள்ளாட்சியின் இறுதி ஒப்புதல் ஆணை ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று எழுதித் திருப்பிவிடுவார்கள்.

இவை கையில் வந்ததும், தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் புகார் கொடுக்கலாம். 31-ஆவது பிரிவின்படி மனை வாங்கியவர்களின் சங்கமே புகார் கொடுக்கலாம் என்பதால் தனியாகப் போகாதீர்கள். எதிர்மனுதாரர் பட்டியலில் உங்கள் கிரயப் பத்திரத்தில் விற்பவராக இருப்பவரையும் சேருங்கள். நம் ஊரில் நில உரிமையாளர் பொது அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்து, புரமோட்டர் அதிகார முகவராகக் கையெழுத்திடுவதுதான் வழக்கம். அப்போது ‘நான் வெறும் முகவர்’ என்று இவரும், ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று அவரும் சொல்வார்கள். மனையைப் பிரித்து மேம்படுத்துபவரும் விற்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இருவரும் புரமோட்டர்களே, கூட்டாகப் பொறுப்பேற்கவேண்டும் என்று சட்டம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறது.

புகாரில் என்ன கேட்பது என்பதில் கவனம் வேண்டும். குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட சாலைகளை முடிக்க உத்தரவு கேளுங்கள். 37-ஆவது பிரிவில் அப்படி உத்தரவிடும் அதிகாரம் குழுமத்துக்கு உண்டு. அதோடு, வேலை முடியும்வரை மீதி மனைகளை விற்கக்கூடாது என்று 36-ஆவது பிரிவில் இடைக்காலத் தடையும் கேளுங்கள். எல்லா வழக்கிலும் தடை கிடைத்துவிடாது. ஆனால் கேட்கவே கேட்காதவர்களுக்கு நிச்சயம் கிடைக்காது. தெலங்கானாவில் மனைகளில் 15 விழுக்காட்டை முன்கூட்டியே அரசு அமைப்பிடம் அடமானமாக வைத்து, வேலை முடிந்தால்தான் விடுவிக்கிறார்கள். அந்தப் பிடிமானத்தை இங்கே நீங்கள்தான் மனு போட்டு உருவாக்கிக்கொள்ளவேண்டும். உத்தரவு வந்தும் மீறினால், 63-ஆவது பிரிவின்படி நாள்தோறும் கூடும் அபராதம், திட்ட மதிப்பீட்டில் 5 விழுக்காடு வரை. இழப்பீடு வேண்டுமென்றால் அது தனி மனு; குழுமத்தின் தீர்வு அதிகாரிதான் அதை விசாரிப்பார்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சாலை, வடிகால் செய்து தருவதாகச் சொல்லி மனை விற்பது வெறும் நில விற்பனை அல்ல, அது சேவை என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே 2 ஆண்டுக் காலவரம்பு உண்டு. இருந்தாலும் கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றைப் பெற்றுத்தராத ஒரு வழக்கில், கடமை நிறைவேறாதவரை தவறு தொடர்கிறது என்று 2022-இல் அதே நீதிமன்றம் சொன்னதை உங்கள் வழக்கறிஞர் எடுத்துவைக்கலாம். ஒரே நிவாரணத்துக்கு இரண்டு கதவையும் தட்டாதீர்கள். சாலை வேண்டுமா, ரெரா. பணம் போதுமா, இரண்டில் எதுவும். இது என் கணக்கு.

நடுவில் ஒரு சமரசம் வரும். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் தார் போட்டுவிடலாம் என்று புரமோட்டரின் ஆட்கள் வருவார்கள். அவசரத்தில் சிலர் சம்மதிப்பார்கள். மழைக்காலத்தில் சேற்றில் வண்டி ஓட்டியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பணம் கொடுக்கும் முன், இப்போதைய நிலையைக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து அளந்து அறிக்கை வாங்குங்கள். கிராவலின் தடிமன் எத்தனை அங்குலம், ஜல்லி அடுக்கு இருக்கிறதா, வடிகாலுக்குச் சரிவு விட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் வரட்டும். ‘உரிமையை விட்டுக்கொடுக்காமல், செலவைப் பின்னர் வசூலிக்கும் நிபந்தனையோடு’ என்று எழுதாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.