பார்ட் விலை கொஞ்சம், கூலி நிறைய!

பன்னிரண்டு வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். 1,30,000 கி.மீ. ஓடிவிட்டது. கிளட்ச் பிளேட் மாற்ற எஸ்டிமேட் கேட்டால், பிளேட் விலையைவிடக் கூலி அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. இந்த மாதிரி சின்ன கார்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் பானெட்டுக்குள் குறுக்காக, ஒட்டிப் படுத்திருக்கும். கிளட்ச் இரண்டுக்கும் நடுவில். அதைத் தொட வேண்டுமென்றால் பேட்டரி, பேட்டரி ட்ரே, இரண்டு ஆக்ஸில், இன்ஜினைத் தாங்கும் மவுன்ட் எல்லாம் கழன்று கியர்பாக்ஸ் கீழே இறங்க வேண்டும். சில மாடல்களில் முன்பக்கம் அடியில் இருக்கும் இரும்புச் சட்டமான சப்ஃபிரேமையே இறக்க வேண்டியிருக்கும். நீங்கள் கூலி கொடுப்பது அதற்குத்தான்.

அதனால் கூலியில் பேரம் பேசுவதைவிட, அந்தக் கூலிக்குள் என்னென்ன வேலை முடிகிறது என்று பாருங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் செட்டாக மாற வேண்டும். இன்ஜினில் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்க ஆயில் சீலையும் பார்த்து, லேசாகக் கசிந்திருந்தால்கூட மாற்றச் சொல்லுங்கள். ஒரு வளையம், அவ்வளவுதான். மொத்த பில்லில் அதன் விலை கண்ணிலேயே படாது. அதை விட்டுவிட்டால் புது பிளேட்டில் எண்ணெய் இறங்கும், கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டும்.

எதற்கும் ஒரு சோதனை. காலியான சாலையில் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். இன்ஜின் இரைச்சல் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. இழுவை நன்றாக இருந்து, கியர் விழ மட்டும் அடம்பிடித்தால், கேபிளையோ கிளட்ச் ஆயிலையோ முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஹீட் ஆகிறது. ஒரு மெக்கானிக், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடலாம், சரியாகிவிடும்" என்கிறார். இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) போய்விட்டது என்று பெரிய தொகை சொல்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேரையும் கொஞ்சம் காக்க வையுங்கள். முதலில் எனக்கு ஒன்று சொல்லுங்கள்: எப்போது ஹீட் ஆகிறது?

நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் ஊசி ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன்மேல்தான் சந்தேகம். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்று. இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஃப்யூஸ், ரிலே, கனெக்டர், அப்புறம் மோட்டார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். முதல் மூன்றும் சில்லறைச் செலவு.

நல்ல வேகத்தில் போகும்போதோ மேடு ஏறும்போதோ ஹீட் ஆனால் கதை வேறு. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் பலவீனமாகியிருக்கலாம். வண்டி முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள் (சூடாக இருக்கும்போது கை வைக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும்). தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தால், யாரோ வெறும் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கலாம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகி, அங்கேதான் மயிரிழை மாதிரி விரிசல் விடும். கசிந்து காய்ந்த கூலன்ட் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தாற்போலத் தெரியும்.

ஹெட் கேஸ்கெட் போனதற்கு அடையாளம் வேறு. காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி இறுகும், கூலன்ட்டில் குமிழி நிற்காமல் வரும், இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வரும். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தினமும் பக்கத்துக் கடைவரை மட்டும் போய்வரும் வண்டியிலும் அது படியும். கூலன்ட்டில் புகை கலக்கிறதா என்று பார்க்க ஒரு நீலத் திரவம் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் கேஸ்கெட் போயிருந்தால் அது மஞ்சளாக மாறும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது வேண்டவே வேண்டாம். அது கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும், பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்கிற ஒரு கதவு. கதவே இல்லையென்றால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். பழுது என்றால் புதிதாக ஒன்று மாட்டுங்கள். அது அப்படியொன்றும் விலை உயர்ந்த சாமான் இல்லை.

ஊசி சிவப்பைத் தொட்டால் "வீடு பக்கம்தானே" என்று ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி அணைத்தால் ரிலே செலவோடு போகலாம். ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்து, லேத்துக்குப் போய் சீவி வர வேண்டியிருக்கும்.

டைமிங் பெல்ட் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அறுந்தபிறகு மாற்றினால் என்ன?

பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது இந்த பெல்ட்தான். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடித்து வளைத்துவிடும். அதோடு பெல்ட் செலவு ஹெட் செலவாகிவிடும். பெல்ட் வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருந்து அறுந்து போகும், கண்ணை நம்பாதீர்கள். மேனுவலில் கிலோமீட்டர், வருடம் என்று இரண்டு கணக்கு இருக்கும், எது முதலில் வருகிறதோ அது. செகண்ட் ஹாண்டில் வாங்கி, மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டில் ஓடுகிற வண்டியாக இருந்தால் அதையும் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். கிளட்ச் விஷயத்தில் சொன்ன அதே கூலிக் கணக்குதான். உங்கள் இன்ஜினில் இருப்பது செயினா பெல்ட்டா என்பதையும் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் 'டக் டக்' சத்தம்.

ஆக்ஸிலின் வெளிப்பக்க ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். சத்தம் வருவதற்கு முன்னாலேயே சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருப்பதைப் பார்த்திருந்தால் பூட் மட்டும் மாற்றியிருக்கலாம்.

மொத்த ரிப்பேர் எஸ்டிமேட், வண்டியின் விலையைத் தாண்டுகிறது. விற்றுவிடலாமா?

வண்டியின் விலையோடு ஒப்பிடாதீர்கள். இன்னொரு பழைய வண்டி வாங்கினால் அதிலும் கிளட்ச், சஸ்பென்ஷன், பெல்ட் எல்லாம் யாரோ தள்ளிப்போட்ட நிலையில்தான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது துரு. லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே இருக்கும் ஓரப்பட்டி, சஸ்பென்ஷன் பாடியில் மாட்டும் இடங்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் விற்றுவிடுங்கள், அதுவும் விஷயத்தைச் சொல்லியே. பாடி கெட்டியாக இருந்தால் வேலையைத் தவணையாகப் பிரியுங்கள்: பிரேக், டயர், ஸ்டியரிங் உடனே, கூலன்ட் கசிவும் பெல்ட்டும் அடுத்து. பவர் விண்டோ கடைசி.

புது பேட்டரி போட்டும் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது.

பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றி, முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கி மாட்டுங்கள். செலவே கிடையாது. அதற்கும் சரியாகாவிட்டால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய வண்டிகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, உள்ளே தேயும் புஷ், பிரஷ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.