வாஷ் பாதியிலேயே காய்ந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: டெல்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். ஹுமாயூன் கல்லறையை வாட்டர்கலரில் வரைகிறேன். குவிமாடத்தைச் சுற்றி வானத்துக்கு வாஷ், அதாவது நீர்த்த பெயின்டைச் சீராகப் பரப்பித் தீட்டும்போது, அது பாதியிலேயே காய்ந்து, கோடு கோடாக நின்றுவிடுகிறது. மே மாத வெயிலில் இது இன்னும் மோசம். ஆக்ஸ் கால் என்ற திரவத்தைத் தண்ணீரில் கலந்தால் பெயின்ட் நன்றாக ஓடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. நீங்கள் வரையும் அதே பேப்பரின் ஒரு துண்டில் நீளமாக ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். பெயின்ட் பேப்பரில் பிடிக்காமல் முத்து முத்தாகத் திரள்கிறதா? அப்படியானால் ஆக்ஸ் கால் உதவும். நன்றாகப் பரவிவிட்டு, அடுத்த இழுப்பு வருவதற்குள் ஓரம் காய்கிறதா? அதற்கு ஆக்ஸ் கால் பெரிதாக உதவாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் பிரச்சினை இரண்டாவதுதான்.

ஆக்ஸ் கால் மாட்டின் பித்தநீரிலிருந்து எடுப்பது. தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, சைசிங் (தண்ணீர் சட்டென்று உறிஞ்சப்படாமலிருக்கப் பேப்பரில் சேர்க்கும் பசை) அதிகமான வழவழப்பான பேப்பரிலும் பெயின்டைப் பிடிக்க வைக்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சில சொட்டு போதும். அளவு மீறினால் நிறம் பேப்பருக்குள் இறங்கிவிடும். பிறகு ஈரப் பிரஷால் ஒற்றி எடுப்பது கஷ்டம். மாட்டுப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்கு க்யூஓஆர் பிராண்டில் செயற்கை ஆக்ஸ் கால் இருக்கிறது. ஒன்று கவனியுங்கள்: புதிய பிளாஸ்டிக் பேலட்டில் பெயின்ட் திரள்வதைப் பார்த்துவிட்டு ஆக்ஸ் கால் போன்ற மீடியம் (பெயின்டில் கலக்கும் திரவம்) வாங்க ஓடாதீர்கள். கொஞ்சம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கழுவினாலே சரியாகிவிடும்.

காய்வதைத் தாமதப்படுத்த வேண்டுமென்றால் கிளிசரின். மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். அரை டம்ளர் தண்ணீருக்கு 2 அல்லது 3 சொட்டில் தொடங்குங்கள். இதே வேலைக்கு வின்சர் அண்ட் நியூட்டன் பிளெண்டிங் மீடியம் என்று ஒன்றை விற்கிறது. கம் அராபிக் என்ற மரப் பிசினையும் சிலர் சொல்வார்கள். அதுவும் காய்வதைத் தாமதப்படுத்தும், நிறத்துக்கு மினுமினுப்பும் தெளிவும் தரும். ஆனால் ஈரத்தின் மேல் ஈரமாகத் தீட்டும்போது பெயின்ட் பரவுவதைக் கட்டுப்படுத்தும். வானத்துக்கு அது வேண்டாம்.

ஆனால் லூ என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் டெல்லி மதியத்தில் சொட்டுக் கணக்கில் ஊற்றுகிற எதுவும் ஓரளவுக்குத்தான் உதவும். நான் முதலில் பார்ப்பது அறையைத்தான். தலைக்கு மேல் சுற்றும் ஃபேனை நிறுத்துங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். கூலர் ஈரத்தைச் சேர்க்கும். அதனால் கூலர் ஓடும் அறை நல்லது, காற்று மட்டும் நேராகப் பேப்பரில் அடிக்கக் கூடாது. மொட்டைமாடியில் வரைவதென்றால் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

அடுத்தது பேப்பர். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்திப் பேப்பர் ஈரத்தை வெகுநேரம் வைத்திருக்கும். விலை அதிகம்தான், ஆனால் மீடியத்துக்குச் செலவிடும் பணத்தை இதில் போடுவது புத்திசாலித்தனம். பின்பக்கத்தில் வானம் வரும் இடத்தை மட்டும் ஸ்பாஞ்சால் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் ஷீட்டின் மேல் படியவைத்தால் முன்பக்கம் சட்டென்று காயாது. குவிமாடத்தின் பின்பக்கம் நனைந்துவிட்டால் ஓரம் கசியும், ஜாக்கிரதை.

இனி உங்கள் குவிமாடம். அதன் விளிம்பை நிதானமாக ஒட்டித் தீட்டும் அந்த நேரத்தில்தான் மேலே இருக்கும் வானம் காய்கிறது. அதனால் வரிசையை மாற்றுங்கள். வானத்துக்குத் தேவையானதைவிட இரண்டு மடங்கு பெயின்டை முதலிலேயே கரைத்து வையுங்கள். நடுவில் கலக்க நின்றால் கோடு நிச்சயம். அப்புறம் போர்டைத் தலைகீழாகத் திருப்பி, லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு வரை சுத்தமான தண்ணீரைத் தடவி, தேங்கிய நீர் அடங்கி மெல்லிய பளபளப்பு மட்டும் இருக்கும்போது தொடங்குங்கள். முதலில் நுனி கூர்மையான பிரஷால் குவிமாடத்தின் ஓரம், உடனே பெரிய பிரஷால் கீழ்நோக்கி வானம். ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் தேங்கும் பெயின்டை அடுத்த இழுப்பு வாங்கிக்கொண்டு போக வேண்டும். போகப் போக நிறத்தைக் கூட்டினால், போர்டை நிமிர்த்தும்போது அடிவானம் வெளிறியும் மேல்வானம் அடர்ந்தும் இருக்கும்.

ஜூலையில் மழை தொடங்கியதும் கிளிசரினை நிறுத்திவிடுங்கள். ஈரக் காற்றில் படம் காயாமல் பிசுபிசுத்து, மேலே வைத்த தாளோடு ஒட்டிக்கொள்ளும்.